தெரிந்த சேதியில் தெரியாத சொல்: செய்தி பார்த்து ஆங்கிலச் சொற்கள் சேர்க்கும் வழி

இருபத்திரண்டு வயதில் ஒரு வேலைக்கு நேர்காணல் போயிருந்தேன். “இன்றைக்குப் படித்த செய்தி ஒன்றைச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அன்று காலைதான் தண்டையார்பேட்டை டீக்கடையில் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு பஸ் ஏறியிருந்தேன். புயல் எங்கே நிற்கிறது, எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், எல்லாம் தெரியும். ‘கரையைக் கடக்கும்’ என்று சொல்ல வேண்டும். ‘கரை’க்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் ‘பீச்’. அந்த இடத்தில் நின்றுபோனேன். ‘கோஸ்ட்’ என்ற சொல் கையில் இருந்திருந்தால் மிச்சத்தைச் சமாளித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். எனக்குச் சேதி தெரியும், புரிந்தும் இருந்தது. சொல் மட்டும் இல்லை. அப்படியானால் தெரிந்த சேதியை எடுத்துக்கொண்டு அதற்கான சொல்லைத் தேடிப் போனால் போதுமே என்று தோன்றியது. அன்றிலிருந்து தமிழில் முதலில் செய்தி கேட்பேன், பிறகு அதே செய்தியை ஆங்கிலத்தில் கேட்பேன். இப்போது மாலை வேளைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்லிக் கொடுக்கிறேன். தமிழ் வழியில் படித்து, ஆங்கிலச் சேனலைப் போட்டால் இரண்டாவது நிமிடமே மாற்றிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது ஒலியைக் காட்டுவதற்காக. உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலிகள், இரண்டு எழுத்துகள். தமிழில் எழுதி வைத்தால் ‘தடை’ என்ற பொருள் தரும் சொல்லும் ‘வாணலி’ என்ற பொருள் தரும் சொல்லும் ஒன்றாகிவிடும்.

முதல் வாரம்: டிவியை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள்

முதல் வாரம் செய்தியே பார்க்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். “எனக்கு இங்கிலீஷே தெரியாது” என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகள் எல்லாரும் இந்த வாரம் முடியும்போது இருநூறு, முந்நூறு சொல் எழுதியிருப்பார்கள்.

வடசென்னைக்காரருக்கு இது சுலபம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் போகும் மெட்ரோ வழியில் டோல்கேட் என்று ஒரு நிலையம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து சொல்லி வரும் பெயர். ‘டோல்’ என்றால் சுங்கம், வழியில் கொடுக்க வேண்டிய விலை. இப்போது ஆங்கிலச் செய்தியில் ‘டெத் டோல்’ என்று வருகிறதே, நாம் பலி எண்ணிக்கை என்போமே, அதுவும் இதே ‘டோல்’தான். வெள்ளமும் புயலும் மனித உயிரில் வசூலித்துக்கொண்டு போன கணக்கு. பஸ் நிறுத்தத்தின் பெயராக இருந்த ஒரு சொல்லை இப்படிப் புரிந்துகொண்ட பிறகு எப்படி மறக்கும்?

பேசின் பிரிட்ஜ் தெரியும். ‘காவிரி பேசின்’ என்று நீர்ப் பங்கீட்டுச் செய்தியில் வரும்; அங்கே அது ஆற்றுப்படுகை. எண்ணூர் தெர்மல், அதாவது அனல் மின் நிலையம், தெரியும். ‘தெர்மல்’ என்றால் வெப்பம் சார்ந்தது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது ‘தெர்மல் ஸ்கேனர்’. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், அந்த ரயில்பெட்டிப் பணிமனை, தெரியும். ‘கேரி’ என்றால் சுமப்பது. அதிலிருந்து சுமந்து செல்லும் ‘கேரேஜ்’. வண்டி நிறுத்தும் ‘கராஜ்’ வேறு சொல், எழுத்தும் வேறு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஸ்ட்ரைக்’. கேரம் ஆடாத தெரு நம் பக்கம் குறைவு. ஸ்ட்ரைக்கர் என்றால் அடிப்பது. துறைமுகத்தில் ஸ்ட்ரைக் என்றால் வேலைநிறுத்தம். செய்தியில் ‘ஏர் ஸ்ட்ரைக்’ வான்தாக்குதல். நீதிமன்றம் ஒரு சட்டத்தை ‘ஸ்ட்ரைக் டவுன்’ செய்தது என்றால் செல்லாது என்று அடித்துவிட்டது. கிரிக்கெட்டில் ‘ஸ்ட்ரைக் ரேட்’. ஒரு கேரம் பலகையிலிருந்து இத்தனை செய்திக்குள் நுழைய முடிகிறது.

காவல், கோர்ட்டு சம்பந்தப்பட்ட சொற்கள் பாதி நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன: பெயில், ரிமாண்ட், வாரண்ட், ஸ்டே, அப்பீல், சஸ்பெண்ட். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு கார்கோ, கிளியரன்ஸ், டெமரேஜ் எல்லாம் அன்றாடப் பேச்சு. இவற்றை எல்லாம் எழுதுங்கள்.

எழுதும்போதே சில சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம் தெருவில் ஒரு பொருளும் செய்தியில் வேறு பொருளும் தரும் சொற்கள் அவை. ‘கரண்ட்’ நமக்கு மின்சாரம். செய்தியில் பெரும்பாலும் ‘இப்போதைய’ என்று பொருள், கடலைப் பற்றிய செய்தி என்றால் நீரோட்டம். மின்சாரத்தைச் செய்தியில் ‘பவர்’ என்பார்கள், கரண்ட் போனால் ‘பவர் அவுட்டேஜ்’. ‘பார்ட்டி’ நமக்கு ஆள். செய்தியில் அரசியல் கட்சி, கோர்ட்டுச் செய்தியில் வழக்கின் ஒரு தரப்பு. காசிமேட்டில் ‘லாஞ்சு’ என்றால் விசைப்படகு. செய்தியில் ‘லான்ச்’ என்றால் ராக்கெட் ஏவுவதும், திட்டத்தைத் தொடங்கி வைப்பதும். இந்தக் கோடு போட்ட சொற்கள்தான் பின்னால் காலை வாரும். அதனால் முதலிலேயே பிடித்து வையுங்கள்.

எந்தச் செய்தியைப் பார்ப்பது

ஒரே ஒரு செய்தியறிக்கையைத் தேர்ந்தெடுங்கள். தினமும் அதே நேரம், அதே அறிக்கை. சேனல் சேனலாகத் தாவினால் ஒரு குரலுக்கும் காது பழகாது.

என் தேர்வு, ஆகாசவாணியின் இரவு 9 மணி ஆங்கிலச் செய்தி. 15 நிமிடம். ஒருவர் நிதானமாக வாசிப்பார், பின்னணி இசை இல்லை, இடையில் யாரும் கத்துவதில்லை. நியூஸ் ஆன் ஏர் செயலியில் போனிலேயே கேட்கலாம். எங்கள் தாத்தா காலை 7:15 தமிழ்ச் செய்தியை விடாமல் கேட்பார். “ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி” என்ற குரல் அந்தக் காலத்துத் தமிழர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அவர் வாசிக்கும் தமிழைக் கேட்டே உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. ஆங்கிலத்துக்கும் அந்தத் தெளிவோடு வாசிக்கிற குரல்தான் நமக்கு வேண்டும்.

படமும் வேண்டும் என்றால் டிடி இந்தியா. திரையில் தலைப்பு எழுத்தும் ஓடுவதால் கேட்ட சொல்லின் எழுத்தைக் கண்ணால் பிடிக்கலாம்.

இரண்டும் வேகமாக இருக்கிறது என்றால் கீழே ஒரு படி இருக்கிறது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959 அக்டோபரில் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒன்றைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், சின்னச் சின்ன வாக்கியங்களில், இயல்பான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசிப்பார்கள். பிறகு அதற்கு லேர்னிங் இங்கிலீஷ் என்று பெயர் மாறியது. அதன் பதிவுகள் யூடியூபில் நிறைய உண்டு. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சியும் நல்லது. ஆனால் இவற்றில் ஒரு மாதத்துக்கு மேல் தங்க வேண்டாம். நம் ஊர்ச் செய்தி அவற்றில் வராது. ‘லத்தி சார்ஜ்’ (தடியடி), ‘லேக்’ (லட்சம்), ‘க்ரோர்’ (கோடி), ‘ஹிஸ்டரி ஷீட்டர்’ (போலீஸ் பதிவேட்டில் பெயர் உள்ள குற்றவாளி) போன்ற இந்திய ஆங்கிலச் சொற்களும் அங்கே கிடைக்காது.

இரவு நேர விவாத நிகழ்ச்சிகளைத் தொடங்கும்போது தொடவே வேண்டாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் சொல் பொறுக்க முடியாது.

முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்

இந்த வழியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் ஏதாவது ஒரு தமிழ்ச் சேனலில் செய்தியை முழுதாகப் பாருங்கள். அதில் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று ஊகித்து மூன்று நான்கு சொல் எழுதுங்கள். தவறாக இருந்தால் பரவாயில்லை. பிறகு இரவு ஆங்கிலச் செய்தியில் அதே சேதி வரும்போது காதைத் தீட்டி உட்காருங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருந்த சொல் அவர் வாயிலிருந்து வரும்போது அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். அகராதியில் பார்த்த சொல்லுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது.

தொடங்குவதற்கு வானிலைச் செய்தியை விடச் சிறந்தது இல்லை. மழைக்காலத்தில் தினமும் வரும். சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வானிலை ஆய்வு மையம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிற மாதிரியே அறிக்கை கொடுக்கும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இந்தச் சேதி உயிர்ச் சேதியும்கூட.

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்பதை ‘லோ பிரஷர் ஏரியா’ என்பார்கள். அது வலுத்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ‘டிப்ரஷன்’. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர். இன்னும் வலுத்தால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ‘டீப் டிப்ரஷன்’, 50 முதல் 61 வரை. 62-ஐத் தொட்டால் புயல், ‘சைக்ளோனிக் ஸ்டார்ம்’. அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89-ஐத் தொட்டால் ‘சிவியர்’, தீவிரப் புயல்.

இதைச் சொல்லிக் கொடுத்த அன்று பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, டிப்ரஷன்னா மனசு சரியில்லாம இருக்கறதுதானே? கடலுக்கு எப்படிண்ணா அது வரும்?” அருமையான கேள்வி. ‘பிரஸ்’ என்றால் அழுத்துவது. ‘டிப்ரஸ்’ என்றால் கீழே அழுத்துவது. அழுத்தம் கீழே இறங்கினால் வானிலையில் ‘டிப்ரஷன்’. மனம் கீழே இறங்கினால் மருத்துவத்தில் ‘டிப்ரஷன்’. தமிழிலும் பாருங்கள்: தாழ்வு மண்டலம், தாழ்வு மனப்பான்மை. இரண்டு மொழியும் ஒரே படத்தை வரைந்திருக்கின்றன. அதே ‘டிப்ரஷன்’ பொருளாதாரச் செய்தியில் வந்தால் பெருமந்தம். ஒரு கேள்வியில் அந்தப் பெண் மூன்று பொருளையும் எடுத்துக்கொண்டு போனாள்.

‘கரையைக் கடத்தல்’ என்பதற்கு இரண்டு வழி. ‘க்ராஸ் தி கோஸ்ட்’ என்று சொல்வார்கள், ‘மேக் லேண்ட்ஃபால்’ என்றும் சொல்வார்கள். ‘பீச்’ என்பது நாம் போய் உட்காரும் மணற்பரப்பு. ‘கோஸ்ட்’ என்பது நிலம் கடலைத் தொடும் நீண்ட ஓரம் முழுதும். ‘ஷோர்’ என்பது நீர் வந்து தொடும் விளிம்பு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் அதற்கு முன்னால் இங்கே கொட்டிவிட்டுப் போனதை நாம் மறக்க மாட்டோம். இந்த நாட்களின் ஆங்கிலச் செய்திப் பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. எடுத்துப் போட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். ‘இனண்டேட்டட்’ என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. ‘மரூண்ட்’ என்றால் நாலா பக்கமும் தண்ணீர் சூழ்ந்து சிக்கியிருப்பது. ‘இவாக்குவேட்’ என்றால் ஆட்களைப் பத்திரமான இடத்துக்கு வெளியேற்றுவது.

மழையின் அளவும் அப்படியே படிப்படியாக வரும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, ‘ஹெவி’. 115.6-லிருந்து மிக கனமழை, ‘வெரி ஹெவி’. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை, ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் ‘ஐசொலேட்டட்’. ‘ஒரு சில இடங்களில்’ என்றால் ‘ஸ்காட்டர்ட்’. பெரும்பாலான இடங்களில் என்றால் ‘வைட்ஸ்ப்ரெட்’. ‘ஸ்காட்டர்’ என்றால் சிதறுவது என்று தெரிந்துகொண்டால் நாளைக்கு ‘கூட்டம் சிதறி ஓடியது’ என்ற செய்தியில் அதே சொல் வரும்போது தானாகப் புரியும்.

மழைக்காலம் இல்லையென்றால் ராக்கெட் செய்தியை எடுங்கள். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே பக்கத்தில்தான். வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியிலிருந்தே புகைக்கோடு தெரியும். கண்ணால் பார்த்துவிட்டு ‘லிஃப்ட் ஆஃப்’, ‘பேலோட்’, ‘ஆர்பிட்’ என்ற சொற்களைக் கேட்டால் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

ஒரு செய்தியை மூன்று முறை

முதல் முறை நிறுத்தாமல் கேளுங்கள். பேனாவைத் தொடக் கூடாது. யார், எங்கே, என்ன ஆயிற்று என்று மட்டும் பிடித்தால் போதும்.

இரண்டாம் முறை யூடியூபில் எழுத்து வசனத்தை (சப்டைட்டில்) போட்டு, வேகத்தை 0.75-க்குக் குறைத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தானாக வரும் எழுத்து நம் ஊர்ப் பெயர்களைக் கன்னாபின்னாவென்று எழுதும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். இந்த முறை ஐந்து சொல் எடுங்கள். ஐந்தே ஐந்து. நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தாலும் 15 நிமிடச் செய்தியில் 2,000-க்கு மேல் சொல் வரும். தெரியாததை எல்லாம் எழுதப் போனால் மூன்றாம் நாள் நோட்டை மூடிவிடுவீர்கள். நான் பார்த்தவரை நிறையப் பேர் விட்டுப் போவதற்கு இந்தப் பேராசைதான் காரணம்.

எந்த ஐந்து? திரும்ப வரும் சொல்லை எடுங்கள். ‘அனவுன்ஸ்’ (அறிவிப்பது), ‘டினை’ (மறுப்பது), ‘அலெஜ்’ (குற்றம் சொல்வது), ‘அர்ஜ்’ (வலியுறுத்துவது) போன்ற வினைச்சொற்கள் எந்தச் செய்தியிலும் வரும். மீனின் பெயர், நோயின் பெயர், ஆயுதத்தின் பெயர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மைக்கேல் வெஸ்ட் என்பவர், நம் துணைக்கண்டத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர், 1953-ல் அடிப்படை ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 2,000 என்று ஒரு பட்டியல் கொடுத்தார். பேச்சாங்கிலத்தை அகராதி இல்லாமல் தாராளமாகப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த முதல் 2,000 அடிக்கடி வருகிறவை. செய்தியில் வரும் சொற்களில் பெரும்பகுதியை அவையே சமாளித்துவிடும்.

மூன்றாம் முறை இயல்பான வேகத்தில், வாசிப்பவரோடு சேர்ந்து வாயால் சொல்லிக்கொண்டே கேளுங்கள். கண்ணால் மட்டும் படித்தவர்கள் தவறும் இடம் இதில் சரியாகும். இடிபாடு என்ற பொருள் தரும் சொல்லை எழுத்தைப் பார்த்து ‘டெப்ரிஸ்’ என்பார்கள். ‘டெப்ரீ’ என்று கேட்ட காதுக்கு அந்தத் தவறு வராது. குற்றம் சாட்டுவது ‘இண்டைட்’. ஆட்சிக் கவிழ்ப்பு ‘கூ’. வரிசை என்ற பொருளில் ‘ரோ’ என்று படிக்கும் அதே எழுத்து, சண்டை என்ற பொருளில் ‘ரௌ’ ஆகும்.

நோட்டில் எப்படி எழுதுவது

சொல், பக்கத்தில் அதன் தமிழ்ப் பொருள் என்று இரண்டு பத்தி போட்டு எழுதாதீர்கள். பள்ளியில் அப்படித்தான் எழுதினோம், என்ன மிஞ்சியது? செய்தியில் வந்த முழு வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். ஆங்கிலச் சொற்கள் கூட்டாளியோடுதான் வரும். எச்சரிக்கையை ‘இஷ்யூ’ செய்வார்கள். பேச்சுவார்த்தையை ‘ஹோல்ட்’ செய்வார்கள். வாக்கை ‘காஸ்ட்’ செய்வார்கள். மனுவை ‘ஃபைல்’ செய்வார்கள். தாக்குதலுக்குப் பொறுப்பை ‘க்ளெய்ம்’ செய்வார்கள். சொல்லைத் தனியாகப் பிடித்தால் வாக்கியம் அமையாது, ஜோடியாகப் பிடித்தால் அமையும்.

அடுத்தது குடும்பம். ‘இவாக்குவேட்’ வினை, ‘இவாக்குவேஷன்’ பெயர், ‘இவாக்குவீ’ அப்படி வெளியேற்றப்பட்டவர். ‘எலெக்ட்’, ‘எலெக்‌ஷன்’, ‘எலெக்டரல்’, ‘எலெக்டரேட்’. ஒன்றைப் பிடித்தால் நான்கு கைக்கு வரும்.

மூன்றாவது, தமிழில் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் பிரியும் சொற்கள். இதற்கு நோட்டின் பின்பக்கத்தை ஒதுக்குங்கள். 2023 டிசம்பரில் நம் எண்ணூரில் இரண்டு துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. மிக்ஜாம் மழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா வாயு வெளியேறி மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். தமிழ்ச் செய்தி இரண்டையும் ‘கசிவு’ என்றது. ஆங்கிலச் செய்தி முதலாவதை ‘ஸ்பில்’ என்றது, இரண்டாவதை ‘லீக்’ என்றது. ‘ஸ்பில்’ என்றால் கொட்டிப் பரவுவது. ‘லீக்’ என்றால் ஓட்டை வழியே ஒழுகுவது. அந்தச் செய்திகளைத் தேடிக் கேட்டால் ‘க்ரீக்’ (கழிமுகம்), ‘ஸ்லட்ஜ்’ (கசடு), ‘லைவ்லிஹுட்’ (பிழைப்பு), ‘காம்பன்சேஷன்’ (இழப்பீடு), ‘ட்ரைப்யூனல்’ (தீர்ப்பாயம்) எல்லாம் கிடைக்கும். இந்தச் சொற்களை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நமக்கு நேர்ந்ததை அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் எழுதிக் கேட்பதற்கான சொற்கள் அவை.

தலைப்புச் செய்தியின் இலக்கணம்

திரையின் கீழே ஓடும் தலைப்புகள் தனி இலக்கணத்தில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால், படித்த ஆங்கிலம் எல்லாம் தவறோ என்று குழப்பம் வரும்.

நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள். நடக்கப் போவதற்கு ‘டு’ போட்டு வினையை எழுதுவார்கள், ‘சி.எம். டு விசிட் எண்ணூர்’ என்றால் முதல்வர் எண்ணூர் வரப் போகிறார். செயப்பாட்டு வினையில் துணைவினையை விட்டுவிடுவார்கள். ‘த்ரீ ஹெல்ட்’ என்றால் மூவர் கைது, ‘டூ கில்ட்’ என்றால் இருவர் பலி. யாரோ இருவரைக் கொன்றார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இருவர் உயிரிழந்தார்கள்.

இடம் போதாது என்பதால் குட்டிச் சொற்களைப் பிடிப்பார்கள். விசாரணைக்கு ‘ப்ரோப்’, ஒப்புதலுக்கு ‘நாட்’, கண்டிப்பதற்கு ‘ஸ்லாம்’, யோசிப்பதற்கு ‘மல்’, முயற்சிக்கு ‘பிட்’. இப்படி ஒரு முப்பது சொல் பழகினால் தலைப்புகள் முக்கால்வாசி வழிக்கு வந்துவிடும். விளையாட்டுத் தலைப்புகளில் ‘க்ளின்ச்’, ‘பேக்’ என்பார்கள். பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டார் என்கிற மாதிரி. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றாரே, அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் தேடிப் படியுங்கள். ‘ஆட்டோ டிரைவரின் மகள்’ என்பதை எப்படி எழுதியிருக்கிறார்கள், வெற்றிக்கு என்ன வினை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ‘நார்த் சென்னை’ என்று தேடினால் முதலில் வருவது வெட்டு குத்துச் செய்திதான். ‘நேப்’ (பிடிப்பது), ‘அப்ஸ்காண்டிங்’ (தலைமறைவு), ‘நோட்டோரியஸ்’ (பேர் கெட்ட) என்று ஒரே வகைச் சொற்களாகச் சேரும். அவையும் தெரிந்திருக்கட்டும். ஆனால் நம் ஊரைப் பற்றி நாம் ஆங்கிலத்தில் பேசும்போது அந்தச் சொற்கள் மட்டும் கையில் இருக்கக் கூடாது. அதனால் வாரத்துக்கு ஒரு செய்தியாவது விளையாட்டு, மீன்பிடி, ரயில்பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம் என்று தேடி எடுங்கள்.

மறக்காமல் வைக்க

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்: படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே நழுவிவிடும்; இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கும். 1972-ல் லைட்னர் என்பவர் இதற்குப் பெட்டி முறை ஒன்று கொடுத்தார். மூன்று பழைய செருப்புப் பெட்டி போதும். சொல்லை அட்டையில் எழுதி முதல் பெட்டியில் போடுங்கள். முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை. தெரிந்தால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தெரியாவிட்டால் முதல் பெட்டிக்குத் திரும்பும். அட்டையின் பின்னால் தமிழ்ப் பொருளோடு எந்தச் செய்தியில் வந்தது என்றும் ஒரு சொல் குறித்து வையுங்கள். ‘மிக்ஜாம்’ என்று எழுதியிருந்தாலே பாதி நினைவுக்கு வந்துவிடும்.

வாயில் வர வேண்டும்

இரவு செய்தி முடிந்ததும் இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். இன்று கேட்ட ஒரு செய்தியை நீங்களே வாசிக்க வேண்டும். நோட்டைப் பார்த்து வாசித்தாலும் சரி. முதல் பதிவை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் மாடியில் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஒருவர் தமிழில் செய்தி சொல்வார், மற்றவர் ஆங்கிலத்தில் சொல்வார். மீன் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் துணை யாரும் இல்லையென்று தன் அம்மாவிடம் தினமும் செய்தி வாசிப்பான். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் “இன்னாபா, எங்கயோ முழுங்கிட்ட?” என்று திக்கும் இடத்தைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள். தயங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மொழி தெரிய வேண்டியதில்லை என்று அவனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

எந்த வரிசையில் போவது

முதல் மாதம் வானிலையும் விபத்தும். இரண்டாம் மாதம் காவல், நீதிமன்றம், தேர்தல். ‘அட்ஜர்ன்’ (ஒத்திவைப்பது), ‘அக்விட்’ (விடுதலை செய்வது), ‘கன்விக்ட்’ (குற்றவாளி என்று தீர்ப்பது), ‘க்வாஷ்’ (ரத்து செய்வது) எல்லாம் இங்கே வரும். மூன்றாம் மாதம் பணம். பிப்ரவரி 1 பட்ஜெட், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பு. ‘25 பேசிஸ் பாயிண்ட்’ என்றால் கால் சதவீதம், அவ்வளவுதான். வெளிநாட்டுச் செய்தியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சேதியும் புதிது, சொல்லும் புதிது, பிடிமானம் இருக்காது.

நாளுக்கு ஐந்து சொல், வாரத்துக்கு ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை புதுச் சொல் கிடையாது, பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது மட்டும். தெருச் சொல் எழுதிய முதல் வாரத்தைச் சேர்க்காமல், பதின்மூன்று வாரத்தில் 390 சொல். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பத்தாகச் சேர்க்க வேண்டாம், ஐந்தோடு தொடருங்கள்.

பதின்மூன்றாவது வாரம் முடியும்போது முதல் நாள் பதிவைப் போட்டுக் கேளுங்கள். அன்று எந்தச் செய்தியை வாசித்தீர்களோ, அதையே நோட்டைப் பார்க்காமல் மறுபடி வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு 0.75-ஐ 1-க்கு மாற்றிவிட்டு, எழுத்து வசனத்தை அணைத்துவிட்டு, அன்றிரவு 9 மணிச் செய்தியைக் கேட்க உட்காருங்கள்.